பத்தர் வீட்டில் ஃபேன் ஏன் ஓடுவதில்லை? வீட்டு நகைப் பட்டறைக்குக் காற்றோட்டம் அமைப்பது எப்படி?

தோட்டுத் திருகாணி தொலைந்துபோய், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பத்தர் வீட்டுக்குப் போன ஞாபகம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கும். தெருவைப் பார்த்த சின்ன முன்னறை. தரையில் ஒரு குட்டி மேஜை, அதன்மேல் குனிந்த தலை, ஒரு நீலச் சுடர். சித்திரை வெயிலிலும் ஃபேன் ஓடாது. ஜன்னல் பாதி மூடியிருக்கும். 'இவருக்கு வேர்க்கவே வேர்க்காதா?' என்று தோன்றியிருக்கும்.

வேர்க்கும். ஆனால் ஃபேன் போட்டால் சுடர் ஆடும். சுடர் ஆடினால் சூடு ஓரிடத்தில் நிற்காது, பற்றவைப்பு கெடும். அரத்தில் ராவிய தங்கத் தூளும் மேஜையை விட்டுச் சிதறும். இன்றைய தங்க விலையில் ஒரு சிட்டிகைத் தூள்கூட கூலியைத் தின்றுவிடும். அதனால் காற்றை நிறுத்திவிட்டு வேலை பார்க்கிறார்கள். காற்று நின்றால் புகையும் நிற்கும், அதுவும் சரியாக மூக்குக்கு எதிரே.

வீட்டு நகைப் பட்டறையின் காற்றோட்டப் பிரச்சினை மொத்தமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 'ஜன்னலைத் திறங்க, ஃபேனைப் போடுங்க' என்று யாரும் அறிவுரை சொல்லிவிடலாம். வேலை செய்பவரால் அதைக் கேட்க முடியாது. சுடரை ஆட்டாமல், தூளைப் பறக்கவிடாமல், புகையை மட்டும் வெளியேற்ற வழி உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு. பெரிய செலவும் இல்லை. அதற்கு முன், அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பொடியும் கேடிஎம்மும்

யாராவது மறைபொருள் வைத்துப் பேசினால் 'பொடி வச்சுப் பேசுறான்' என்கிறோம். நகை வேலையில் இரண்டு துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசுக்கும் பொடி என்றுதான் பெயர். வெங்காரத்தைத் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் சுடரைச் செலுத்தினால் பொடி மட்டும் உருகி இடுக்கில் ஓடும்.

பழைய பொடியில் தங்கத்தோடு செம்பு கணிசமாக இருக்கும். நகையைத் திரும்ப உருக்கும்போது இந்தச் செம்பும் கலந்து மாற்று குறைந்துவிடும். அதைத் தவிர்க்க வந்ததுதான் காட்மியம் பொடி. வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 92 பங்கு தங்கம், 8 பங்கு காட்மியம். குறைந்த சூட்டிலேயே தண்ணீர் மாதிரி ஓடும், மாற்றும் குறையாது. 'கேடிஎம் நகை' என்று கடைகள் போர்டு வைத்து விற்றது இதைத்தான். கேடிஎம் என்றால் ஏதோ தரமுத்திரை என்று இன்றைக்கும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது காட்மியம் என்ற சொல்லின் சுருக்கம், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், காட்மியம் சுமார் 321 டிகிரி செல்சியஸில் உருகி, 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் உருகவே 1,064 டிகிரி வேண்டும். ஆக, நகையைப் பற்றவைக்கும் சூட்டில் காட்மியத்தில் கொஞ்சம் எப்போதும் புகையாகப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் காட்மியத்தை வைத்திருக்கிறது. உள்ளே போனது எளிதில் வெளியே வராது. சிறுநீரகத்தில் தங்கி, பாதியாகக் குறையவே பத்து வருடங்களுக்கு மேல் பிடிக்கும். இந்தியாவின் சிறு நகைப் பட்டறைகளில் செய்த ஓர் ஆய்வு 2013இல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் வெளியானது. நகைத் தொழிலாளர்களின் சிறுநீரில் காட்மியம் மற்றவர்களைவிட அதிகமாகவும், நுரையீரலின் திறன் குறைவாகவும் இருந்ததை அது காட்டியது.

எவ்வளவு புகை ஆபத்து? அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, 8 மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சராசரியாக 5 மைக்ரோகிராம் காட்மியத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே சுமார் 28 கன மீட்டர் காற்று. ஒரு கிராம் கேடிஎம் பொடியில் 80 மில்லிகிராம் காட்மியம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் புகையானது என்று வைத்துக்கொண்டால் 800 மைக்ரோகிராம். மூடிய அறையில் அது பரவினால் கன மீட்டருக்கு 28க்கு மேல், அதாவது அந்த வரம்பைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகம். இது அறை முழுக்கச் சமமாகப் பரவினால்தான். குனிந்திருப்பவர் முகத்துக்கு முன்னால் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஹால்மார்க் நகையில் காட்மியத்துக்கு இடமில்லை. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கிய பிறகு துத்தநாகம், இண்டியம் கலந்த மாற்றுப் பொடிகள் பரவலாகிவிட்டன. எனவே முதல் வேலை, பொடி வாங்கும் இடத்தில் 'காட்மியம் இல்லாததா?' என்று கேட்பது. வெள்ளி வேலைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். வெள்ளிப் பற்றாசுகளிலும் காட்மியம் கலந்த வகைகள் உண்டு. எந்தக் காற்றோட்டமும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது. ஆனாலும் அதோடு முடியவில்லை. துத்தநாகப் புகையும் காய்ச்சலைக் கொண்டுவரும். பழைய நகையைப் பழுதுபார்க்க வரும்போது அதில் ஏற்கெனவே என்ன பொடி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பட்டறையா, வீடா?

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனால் வெள்ளிக் கொலுசு வேலை வீடு வீடாக நடப்பதைப் பார்க்கலாம். ஒரு வீட்டில் கம்பி, இன்னொரு வீட்டில் பற்றவைப்பு, வேறொரு வீட்டில் மெருகு. திருச்சியைச் சுற்றிய கிராமங்களில் செயற்கை வைரம் பட்டை தீட்டும் வேலை ஒரு காலத்தில் திண்ணைக்குத் திண்ணை நடந்தது. பெரம்பலூர் மாவட்டத்தின் கிராமங்களில் அவ்வளவு பெரிய தொழில் இல்லை. ஊருக்கு ஒன்றிரண்டு பத்தர் வீடுகள், இப்போது புதிதாகக் கவரிங், ரெசின், டெரகோட்டா நகை செய்யும் இளம்பெண்கள் என்று போகிறது.

வீடு என்பதால் இரண்டு சிக்கல்கள் வருகின்றன. ஒன்று, வேலை முடிந்து கிளம்பிப்போக வேறு இடம் கிடையாது. பகலில் பொடி உருகிய அறையில்தான் ராத்திரி பாய் விரிக்கிறார்கள். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதும் அங்கேயே. இன்னொன்று, கேட்க ஆளில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று கோடு போட்டது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து செய்யும் பட்டறை அந்தக் கோட்டுக்குள் வந்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் வரமாட்டார். அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறிஞ்சி அணைக்க முடியுமா?

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ரஞ்சன்குடி என்றால் கோட்டைதான். 1751இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இதன் அருகே மோதிக்கொண்ட கதையைக் கைடுகள் சொல்வார்கள். நமக்கு வேண்டியது கோட்டை அல்ல, அந்த ஊர் மாதிரி ஓர் ஊரில் இருக்கும் சாதாரண வீடு. முன்னறை பத்துக்குப் பத்து. தெருப்பக்கம் கதவு, பக்கச்சுவரில் ஒரு ஜன்னல், பின்னால் சமையலறை. இதில் என்ன பண்ணலாம்?

பலரும் முதலில் செய்வது, சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது. இல்லாததற்கு இது மேல். ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு மெழுகுவர்த்தியை ஓரடி தள்ளி நின்று ஊதி அணைக்கலாம். அதே தூரத்திலிருந்து காற்றை உறிஞ்சி அணைக்க முடியுமா? முடியாது. ஊதும் காற்று நேராக ஓடும். உறிஞ்சும் காற்றோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேரும். ஓர் உறிஞ்சு குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தள்ளிப்போனாலே இழுவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆறு அங்குலக் குழாய் என்றால் ஆறு அங்குலம் தள்ளியே கதை முடிந்தது. எட்டடி உயரத்தில் ஓடும் ஃபேனுக்கு மேஜைமேல் கிளம்பும் புகை எட்டாது. அது அறை முழுக்கச் சுற்றிவிட்டு, மூக்கு வழியாகவும் ஒரு ரவுண்டு போய்விட்டுத்தான் வெளியேறும்.

அதனால் புகை கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும். எளிய வழி ஒரு பெட்டி. ஜிஐ தகரத்தில் பின்புறம், இரு பக்கம், மேற்புறம் மூடி, முன்பக்கம் மட்டும் திறந்த பெட்டி. அதற்குள் பற்றவைக்கும் கல்லை வைத்துக்கொண்டு கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்வது. முன்பக்கத்தின் மேல்பாதியில் ஒரு கண்ணாடி வைத்தால் குனிந்து பார்க்கலாம், முகத்துக்கும் புகைக்கும் நடுவே தடுப்பும் ஆயிற்று. பெட்டியின் பின்சுவரில் கொஞ்சம் மேலே குழாய்க்கான துளை.

சமையலறை சிம்னி மாதிரி தலைக்கு மேலே தொங்கவிடலாமே என்று கேட்பார்கள். கூடாது. அடுப்பு முன்னால் நாம் தள்ளி நிற்கிறோம். பட்டறையில் குனிகிறோம். மேலே இழுத்தால் புகை போகும் வழியில் முகம் இருக்கும். பின்னால் இழுக்க வேண்டும். காற்று நம் தோளுக்குப் பின்னாலிருந்து வந்து, மேஜையைத் தாண்டி, எதிரே வெளியேற வேண்டும்.

எவ்வளவு இழுவை வேண்டும்? பெட்டியின் திறந்த வாயில் காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போனால் போதும் என்பது பொதுவான அளவுகோல். மேஜை ஃபேன் காற்றோடு ஒப்பிட்டால் இது மெல்லிய வருடல். கேஸ் டார்ச்சின் சுடரைத் திருப்பும் அளவுக்கு இதில் விசை இல்லை. பத்தர் ஃபேனை நிறுத்தியதற்கான காரணம் இங்கே இல்லாமல் போகிறது, பாருங்கள். அதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

வாய் 45 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் என்றால் மணிக்கு சுமார் 245 கன மீட்டர் காற்று இழுக்க வேண்டும். ஃபேன் பெட்டியில் இந்த எண் அச்சிட்டிருக்கும். சிஎஃப்எம் என்று போட்டிருந்தால் 1.7ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது குழாய் எதுவும் மாட்டாமல் அளந்த எண். குழாய், வளைவு, வலை எல்லாம் சேர்ந்தால் பாதியாகிவிடும். எனவே அச்சிட்ட அளவு 500க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. சுவரில் மாட்டும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு அடி, இரண்டு அடி நேர்க்குழாய்க்குத் தாங்கும். நீளமாக, வளைந்து போகவேண்டும் என்றால் அது தோற்றுவிடும். அப்போது நத்தை ஓடு மாதிரி இருக்கும் புளோயர் வேண்டும். ஃபேன் எதுவானாலும் குழாயின் வெளி முனையில் மாட்டுங்கள். அப்படிச் செய்தால் வீட்டுக்குள் இருக்கும் குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர புகை வெளியே வராது.

வெளி முனை எங்கே? எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேரே வைத்தால் சண்டை வரும், அது நியாயமான சண்டை. இன்னொன்று காற்றுத் திசை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் ஊர்கள் இவை. குழாய் வாய் மேற்கே பார்த்தால் மூன்று மாதம் புகை வீட்டுக்கே திரும்பும். ஐப்பசி வந்தால் வடகிழக்குக் காற்று. எந்தச் சுவரும் வருடம் முழுக்கப் பாதுகாப்பில்லை என்பதால் கூரைக்கு மேலே ஏற்றி, மழை விழாதபடி மூடி போட்டுவிடுவதுதான் நிம்மதி.

ஒன்றை எல்லோரும் மறக்கிறார்கள். வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு ஃபேன் போட்டால் அது சும்மா சுற்றும், கரண்ட் பில் மட்டும் ஏறும். உட்காருபவரின் முதுகுப் பக்கம், தரையை ஒட்டி ஒரு வலை வைத்த திறப்பு இருக்கட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். தாழ்ந்த திறப்பு அதற்கும் உதவும். கேஸ் வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஸ்விட்சைத் தொட வேண்டாம், ஸ்விட்சின் பொறியே போதும். முதலில் சிலிண்டரை மூடிவிட்டுக் கதவைத் திறங்கள். கரிக் குமுட்டி வைத்திருப்பவர்கள் மூடிய அறையில் அதை எரிக்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எல்லாம் மாட்டியாயிற்று, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு ஊதுபத்தி. பெட்டி வாயின் நாலு மூலையிலும், நடுவிலும் பிடித்துப் பாருங்கள். புகை தயங்காமல் உள்ளே திரும்பினால் சரி. எங்காவது வெளியே சுருண்டால் வாயைக் கொஞ்சம் குறுக்குங்கள், இல்லை சீலிங் ஃபேன் அதைக் கலைக்கிறதா பாருங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

திராவகம் தனி

பொடி வேலைக்குப் போட்ட பெட்டியிலேயே ஆசிட்டையும் வைக்காதீர்கள். நைட்ரிக் திராவகத்தில் உலோகத்தைப் போட்டால் கிளம்பும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. இது ஏமாற்றும் வாயு. சுவாசித்த நேரத்தில் லேசாக இருமல் வந்து நின்றுவிடும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுவது பல மணி நேரம் கழித்து. தங்கம் பிரிக்கும் ராஜ திராவகமும் இந்தப் புகையைக் கக்கும். இதை வீட்டுக்குள் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. சுத்திகரிக்கக் கொடுத்துவிடுவது மேல். சிறிய அளவில் தட்டு கழுவுவது போன்ற வேலை என்றால் தனிப் பெட்டி, தனிக் குழாய். இங்கே தகரம் அரித்துவிடும், பிவிசி குழாய் நிற்கும். சூடு வரும் பொடிப் பெட்டிக்கோ பிவிசி ஆகாது, தகரம்தான்.

மெருகுக்கும் முலாமுக்கும் சயனைடு உப்பு வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு. அது ஆசிட்டோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு. ஒரே அலமாரியிலும் வைக்கக் கூடாது, ஒரே வாளியிலும் கொட்டக் கூடாது. இதற்குக் காற்றோட்டம் பதில் ஆகாது.

துணி முகக்கவசம், கர்ச்சீப் எதுவும் இந்த வாயுக்களைத் தடுக்காது. என்95 தூசியையும் உலோகப் புகையின் துகளையும் பிடிக்கும், ஆசிட் ஆவியை விட்டுவிடும். பழைய பட்டறைகளில் பற்றவைக்க அடியில் போடும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள். நெருப்புச் செங்கல்லோ கரிக்கட்டையோ அந்த வேலையைச் செய்யும்.

குப்பையில் தங்கம்

தூள் விஷயத்துக்கு வருவோம். அரத்தூள் கனமானது. தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 19 மடங்கு. பெட்டியின் மெல்லிய இழுவை அதைத் தூக்காது. பறப்பது மெருகு போடும் பஃப் சக்கரத்தின் மெல்லிய தூசி. அதில் தங்கமும் இருக்கும், மெருகு மாவும் பஞ்சு நாரும் இருக்கும். சக்கரத்துக்கு ஒரு மூடியும், உறிஞ்சு குழாயில் ஒரு துணிப் பையும் மாட்டினால் நுரையீரலுக்குப் போகவேண்டியது பையில் சேரும். கோவையில் பட்டறைத் தெருக்களின் மண்ணைக் கூட்டி, கழுவி, தங்கம் எடுத்தே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். தெரு மண்ணிலேயே அவ்வளவு என்றால், பையில் எவ்வளவு இருக்கும்? ஃபேன் வைத்தால் தங்கம் போய்விடும் என்ற பயத்துக்கு இந்தப் பைதான் பதில். பையை உதறாமல் மடித்து, அப்படியே உருக்குபவரிடம் கொடுத்துவிடலாம்.

கல் பட்டை தீட்டுபவர்கள் தண்ணீர் சொட்டவிட்டே தீட்ட வேண்டும். குஜராத்தின் காம்பாத்தில் அகேட் கல்லை வீடுகளில் உலர்வாகத் தேய்த்த குடும்பங்களில் சிலிக்கோசிஸ் பரவியது பல வருடங்களாகப் பதிவான விஷயம். ரெசின் நகை செய்பவர்களுக்கு நெருப்பு இல்லை, ஆனால் எபாக்ஸி இறுகும்வரை ஆவி விடும். சிலருக்குத் தோல் அலர்ஜியாகும். இறுகிய பிறகு தேய்க்கும் தூளும் ஆகாது. அச்சை படுக்கையறையில் காயவைக்காமல் இதே மாதிரி ஒரு பெட்டியில் வைத்தால் போதும்.

பணத்துக்கு?

தகரப் பெட்டியை உள்ளூர் லேத் பட்டறையிலேயே செய்துவிடலாம். முதலீடாகச் செய்ய நினைப்பவர்களுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. இதில் உள்ள 25 தொழில்களில் நகை செய்தலும் ஒன்று. 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் 3 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கலாம், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திட்ட மதிப்பீடு எழுதும்போது டார்ச், கம்பி மெஷினோடு புளோயரையும் குழாயையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பொற்கொல்லர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் அதையும் கையோடு செய்துவிடலாம்.

ராத்திரி காய்ச்சல் வந்தால்

பகலில் நிறைய பற்றவைப்பு. சாயங்காலம்வரை ஒன்றும் இல்லை. ராத்திரி உடம்புவலி, குளிர், காய்ச்சல், தொண்டை வறட்சி, நெஞ்சு இறுக்கம். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். துத்தநாகப் புகை என்றால் ஓரிரு நாளில் தானாகச் சரியாகும். காட்மியமாக இருந்தால் ஆரம்பம் இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அடுத்த ஒன்றிரண்டு நாளில் நுரையீரல் அழற்சியாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பார்த்தவுடன் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. மூச்சுத் திணறல் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். டாக்டரிடம் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'நகை வேலை, இன்றைக்கு இத்தனை மணி நேரம் பற்றவைத்தேன், இந்தப் பொடி' என்று சொல்லுங்கள். பொடி வாங்கிய பாக்கெட் இருந்தால் அதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.